அஞ்சலையம்மா கூடையை இறக்கிய இடம்

நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபி பிள்ளைகளே, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் மூச்சு வாங்குகிறவர்களை நடக்க வைத்தே முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவள் நான். உங்கள் பிரிவின் தலைவி போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "மேடம், பசங்களுக்கு உற்சாகமா இருக்கற மாதிரி வெற்றிக் கதையா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு அது வராது. வெற்றிக் கதையைக் கேட்டு யாரும் எதையும் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரே ஆளிடம் அடுத்தடுத்து இரண்டு தப்புச் செய்து, மூன்றாவது தப்பைச் செய்ய இருந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, வாரத்துக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே மனப்பாடம் செய்திருப்பீர்கள். புத்தகத்தில் இல்லாதது அஞ்சலையம்மா.

கடப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். அறுபதை நெருங்கும் வயது. கரையில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து, சவுக்குத் தோப்பு வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளூர்களுக்குப் போய்த் தெருத்தெருவாகக் கூவி விற்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வேலை. பீடி, சுருட்டு எதையும் கையால் தொட்டதில்லை. சவுக்குச் செத்தையை அடுப்பில் தள்ளித் தள்ளி, ஊதி ஊதியே அவருடைய மூச்சுக்குழாய்கள் சுருங்கிப் போயிருந்தன. கரையோரத்துப் பெண்கள் பலருக்கு இந்தக் கதைதான். அவர்களும் அதை "வயசாச்சி, இளப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

மருந்து ஆரம்பித்த டாக்டர், அவர் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, தசை வலு எப்படி என்று பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார். முதலில் காலைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலை நீட்டச் சொல்லி, நான் எதிர்ப்பக்கம் அழுத்தினேன். நீட்டினார் பாருங்கள், நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் பின்னால் நகர்ந்துவிட்டது.

"இன்னா டாக்டரம்மா, கஞ்சி குடிக்கலியா நீ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு. பிறகு வராந்தாவில் ஆறு நிமிட நடை. "உங்க வேகத்துல நடங்கம்மா. முடியலன்னா நின்னுக்கலாம், தப்பில்ல" என்று வழக்கம்போலச் சொன்னேன். நிற்கவே இல்லை. ஸ்டாப்பிங் இல்லாத பஸ் மாதிரி போனார், வந்தார், போனார், வந்தார். என் நோயாளிகளில் பாதிப் பேர் மூன்றாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். இவர் கையைக்கூட எங்கும் வைக்கவில்லை.

அப்போதெல்லாம் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி எங்கள் தளத்துக்கே ஒன்றுதான். அது பக்கத்து வார்டில் இருந்தது. நடை முடிந்ததும் அவரை உட்கார வைத்துவிட்டு எடுத்து வரப் போனேன். வழியில் ஒருவர் ஏதோ கேட்டார், நின்று பதில் சொன்னேன். திரும்பி வந்து மாட்டியபோது தொண்ணூற்று மூன்று காட்டியது. "நல்லாத்தான் இருக்கு" என்று அவரிடமும் சொல்லி, சீட்டிலும் எழுதினேன்: வழக்கமான வேலைகளைச் செய்யலாம்.

பதினைந்து நாள் கழித்து அவரை ஆம்புலன்சில் கொண்டு வந்தார்கள். செய்யூர்ப் பக்கம் ஒரு தெருவில் கூடையோடு விழுந்திருக்கிறார். உதடும் நகமும் நீலம். புருவத்தில் கிழிந்து தையல். சளித் தொற்று வேறு சேர்ந்துகொண்டது. நாலு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தார்.

எங்கள் பிரிவின் பெரிய டாக்டர் கத்தத் தெரியாத மனிதர். கத்துகிறவரிடம் எதிர்த்துக் கத்தலாம், இவரிடம் அதுவும் முடியாது. என் சீட்டைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இந்தத் தொண்ணூத்தி மூணு, நடக்கும்போது பாத்ததா, நடந்து முடிச்சி உக்காந்தப்புறம் பாத்ததா?"

"உக்காந்தப்புறம்" என்றேன். உட்கார்ந்ததும் ஆக்சிஜன் தானாக ஏறிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

"கால் நல்லா இருக்குன்னு சந்தோஷப்பட்டுட்ட" என்றார். "கால் நல்லா இருக்கறவங்களப் பாத்துத்தான் நீ பயப்படணும். பலவீனமானவன் மூச்சு முட்டறதுக்கு முன்னாடியே கால் வலிச்சு நின்னுடுவான். இவங்க கால் இவங்கள நுரையீரல் தாங்கற எடத்தத் தாண்டிக் கூட்டிக்கினு போயிடும்."

அஞ்சலையம்மா தேறிய பிறகு மறுபடி நடக்க வைத்தேன். இந்த முறை கருவி விரலிலேயே இருந்தது. நானும் கூடவே நடந்தேன். இரண்டாவது நிமிடத்தில் எண்பத்தாறு. மூன்றாவதில் எழுபத்தொன்பது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நில்லுங்க!" என்று கத்தினேன். நான் கத்தியும் நாலு எட்டு வைத்துவிட்டுத்தான் நின்றார்.

இது என் முதல் தப்பு. இதற்காவது கருவி இல்லை, ஆள் இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். இரண்டாவதற்கு அதுவும் கிடையாது.

அந்த எழுபத்தொன்பதைப் பார்த்ததும் நான் பயந்துவிட்டேன். என்னால் ஒரு பொம்பளை தெருவில் விழுந்திருக்கிறாள், இன்னொரு தடவை விழுந்தால் பிழைக்க மாட்டாள் என்று மட்டும்தான் மண்டையில் ஓடியது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் சிவப்பு மையால் எழுதினேன்: முழு ஓய்வு. சுமை தூக்கக் கூடாது. அடியில் இரண்டு கோடு. அதை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். பயத்தில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய எழுத்து அது. விழுந்தால் இனி என் மேல் பழி வராது, அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

அவருக்கு ஒரே பிள்ளை, தேசிங்கு. சிறுசேரியில் கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறவர். அந்தப் பக்கமே இரண்டாவது மாடியில் வாடகை வீடு. அம்மாவைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். நல்ல பிள்ளை. மருமகள் அதைவிட நல்லவள். நான் எழுதியதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். தண்ணீர் கையில் வந்தது, சாப்பாடு மடியில் வந்தது. எழுந்தால் "உக்காரும்மா" என்று இரண்டு பக்கமிருந்தும் சத்தம் வந்தது.

நாலு மாதம் கழித்து, போர்ட்டிகோவில் கேப்பை நிறுத்தி, தேசிங்கு தன் அம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார். எனக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை.

உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் தொண்ணூற்று நாலு. ஊதும் பரிசோதனையில் முன்னால் என்ன வந்ததோ அதேதான் வந்தது. நுரையீரல் ஒரு இம்மிகூட மோசமாகவில்லை. ஆனால் ஆறு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். முயன்றார். பாதி எழுந்து, தொடை கிடுகிடுவென்று ஆடி, தொப்பென்று உட்கார்ந்தார். என் ஸ்டூலைத் தள்ளிய அதே கால்.

"மருமவப் பொண்ணு என்னத் தூக்கி கக்கூஸ்ல ஒக்கார வெக்கிது டாக்டரம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். "அதுக்கு வெக்கப்பட்டுகினு நான் தண்ணியே குடிக்கிறதில்ல."

ஏதோ எடுக்கப் போவது போல அலமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். பயிற்சிக் கூடத்தில் மற்ற நோயாளிகள் இருந்தார்கள், பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

பிள்ளைகளே, இதை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். வலுவிழந்த தசை ஒரு ஊதாரி. வலுவான தசை ஒரு பங்கு காற்றில் செய்கிற வேலைக்கு அது இரண்டு பங்கு கேட்கும். ஏற்கெனவே பற்றாக்குறையில் குடும்பம் நடத்துகிற நுரையீரலிடம் போய்க் கேட்கும். ஆக்சிஜன் குறைகிறதே என்று பயந்து ஆளை உட்கார வைத்தால், நாலு மாதத்தில் அதைவிடக் குறைந்த வேலைக்கே மூச்சு முட்டும். நான் அவருடைய நுரையீரலைக் காப்பாற்றப் போய்க் காலை வாரிவிட்டேன்.

பத்து வாரம் பயிற்சி கொடுத்தோம். ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு நடை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, முதலில் நாலு தடவை, அப்புறம் பத்து. தினமும் என்னைத் திட்டுவார். "ஒக்காருன்னு எழுதனதும் நீதான், எய்ந்திருன்னு பேஜார் பண்றதும் நீதான். ஒன்னாண்ட மாட்டிக்கினு நான் படற பாடு!" என்பார். திட்டு நீள நீள எனக்குச் சந்தோஷம். ஒரே மூச்சில் அவ்வளவு திட்ட முடிகிறதே!

பத்தாவது வாரம் கையை ஊன்றாமல் எழுந்தார், தானே குளித்தார், ஆக்சிஜன் இல்லாமல் வராந்தாவில் நிதானமாக நடந்தார். எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்காதபடி நடுநடுவே நானே நிறுத்தினேன். நான் நிறுத்தாவிட்டால் நிற்க மாட்டார். அது மட்டும் மாறவில்லை.

அப்புறம்தான் என் அறையில் சண்டை வந்தது.

"வூட்டுக்குப் போறேன். கடப்பாக்கத்துக்கு. யாவாரத்துக்குப் போறேன்" என்றார் அஞ்சலையம்மா.

தேசிங்கு, "அங்க நீ வுழுந்தா யாரும்மா பாப்பாங்க? நான் கேப்ல ஆள ஏத்திகினு இருப்பேன், போன் வரும். மறுபடியும் அந்த மாதிரி ஒரு போனு என்னால எடுக்க முடியாது" என்றார்.

"வுழாம ஒன் வூட்ல ஒக்காந்துகினு நான் இன்னாடா பண்ணணும்? செவுத்தப் பாத்துகினு சாவணுமா?"

"அதெல்லாம் பேசாத. மேடம் எழுதிக் குடுக்கட்டும். அவுங்க போன்னு எழுதினா நீ போ. வேணாம்னு எழுதினா எங்கூட வா. சம்மதமா?"

"எழுதட்டுமே!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சீட்டு. அதில் நான் எழுதுவதுதான் அவர் எங்கே, எப்படி மிச்ச நாளைக் கழிப்பார் என்பது. பேனாவைத் திறந்தேன், மூடினேன். இந்த மேசையில் உட்கார்ந்து அவருக்கு இரண்டு சீட்டு எழுதியிருக்கிறேன், இரண்டும் தப்பு. மூன்றாவதை இங்கே எழுதப் போவதில்லை என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

"கரைக்கு எத்தன மணிக்குப் போவீங்க?" என்று கேட்டேன்.

அந்த வாரம் லீவு போட்டுவிட்டு கடப்பாக்கம் போனேன். தேசிங்குதான் கூட்டிப் போனார். காலை ஏழு மணி இருக்கும். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்: பாதிக் கூடைதான் எடுக்க வேண்டும். கரையிலிருந்து ரோடு வரை இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டும். முதலில் வலைக் கொட்டகை, அடுத்தது ஐஸ் கடை. "செரி, செரி" என்று தலையாட்டியிருந்தார்.

மீனும் ஐஸும் போட்ட கூடையை அவர் தலையில் ஏற்ற இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். தனியாக யாராலும் ஏற்ற முடியாது. நான் கொடுத்தேன். பாதிக் கூடைதான், எனக்கு இடுப்பு வரைகூட வரவில்லை. தேசிங்கு வந்து பிடித்தார். ஏற்றிய பிறகு அஞ்சலையம்மா இரண்டு அடி நடந்து, கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

பிரிவில் கேட்டு எடுத்து வந்திருந்த கருவியை அவர் விரலில் மாட்டினேன். கோடு கோடாகக் காட்டியது, எண் வரவில்லை. அடுத்த விரல். அதுவும் அப்படியே. அரை மணியாக ஐஸில் அளைந்த கை, குளிர்ந்து விறைத்துக் கிடந்தது. அந்தக் கையில் எந்தக் கருவியும் ஒன்றையும் பிடிக்காது. இத்தனை தூரம் வந்து, முக்கியமான நேரத்தில் கையில் எண் இல்லை.

"இன்னா மேடம், காட்ட மாட்டேங்குதா?" என்றார் தேசிங்கு.

"இல்ல. அம்மா, கூடையில இன்னா இன்னா மீன் இருக்குன்னு சொல்லிக்கினே வாங்க. தெருவுல கூவற மாதிரி."

அவர் நடந்தார். ஈர மணல், அடுத்து உலர்ந்த மணல். "சங்கரா, காரப்பொடி, நெத்திலி, கெழங்கா..." மூச்சு. "நவர, சங்கரா, காரப்பொடி, நெத்திலி..." மூச்சு. ஒரு மூச்சுக்கு நாலு பெயர். நான் பக்கவாட்டில் கூடவே போனேன். உதடு, கழுத்து, முழங்கால் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்று பெயர் வரை போகலாம், இரண்டுக்கு வந்தால் இறக்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். தேசிங்கிடமும் சொன்னேன்.

வலைக் கொட்டகை வந்தது. மூன்று பெயர். கொட்டகையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையம்மா நிற்கவில்லை. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

"யம்மா! நில்லு! இங்கதான சொன்னாங்க!" என்று தேசிங்கு பின்னால் ஓடி வந்து கூடையைப் பிடிக்கப் போனார்.

"கைய எடு!" என்று கத்திவிட்டேன். தலையில் சுமை இருக்கிறவரைப் பின்னாலிருந்து பிடித்தால் கழுத்து திருகிக்கொள்ளும், மணலில் மல்லாந்துவிடுவார். "ஏம்மா நிக்கல?" என்று அவரிடம் கேட்டேன்.

"இங்க எறக்குனா..." மூச்சு. "ஊரே பாக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அதே வழியில் ஆறேழு பெண்கள் கூடையோடு போனார்கள். யாரும் எங்கும் இறக்கவில்லை. அங்கே வழக்கம் அப்படி. ஏற்ற ஒரு கை கேட்கலாம், அதில் குறைச்சல் இல்லை. ஏற்றிய கூடையை வியாபாரம் நடக்கிற தெருவில்தான் இறக்க வேண்டும். நடுவழியில் இறக்கினால் "அவ முடிஞ்சா" என்று ஊர் பேசிவிடும். என் வராந்தாவில் நான் எத்தனை தடவை "முடியலன்னா நின்னுக்கலாம்" என்று சொல்லியிருப்பேன்! அவர் காதில் அது "தோத்துப் போயிக்கலாம்" என்றுதான் விழுந்திருக்கும்.

"சங்கரா, காரப்பொடி..." மூச்சு. "நெத்திலி, கெழங்கா..." மூச்சு.

இரண்டு பெயர்.

ஐஸ் கடைக்கு இன்னும் நாற்பது அடி இருந்தது. தேசிங்கு என்னைப் பார்த்தார். என் கணக்குப்படி அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால், நான் சொல்லி நின்றிருப்பார். நாளைக் காலை நான் இருக்க மாட்டேன், தேசிங்கும் இருக்க மாட்டார். நுரையீரல் எவ்வளவு தாங்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அவர் தானாக இறக்குவாரா மாட்டாரா என்பதுதான் தெரியாது. சீட்டில் எதை எழுதுவது என்பது அதில்தான் இருந்தது.

கால் தடுமாறவில்லை. கண் தெளிவாக இருந்தது. உதடு லேசாகக் கறுத்திருந்தது. ஒரு கையைக் கூடைக்கு அருகிலும் ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னாலும் தொடாமல் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நடந்தேன். "மேடம்... மேடம்..." என்று தேசிங்கு அழுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். அது சரியான முடிவுதானா என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்கிற சீனியர்களை நம்பாதீர்கள்.

ஐஸ் கடை வாசலில் ராணி என்று ஒரு மீன்காரம்மா, நாற்பது நாற்பத்தைந்து வயது, தலையில் நிறைகூடையோடு எதிரே நின்றவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அஞ்சலையம்மா அவருக்கு நேராகப் போய் நின்றார்.

"சங்கரா..." மூச்சு. அவ்வளவுதான்.

"இன்னாக்கா?" என்றார் ராணி.

"எறக்கு."

"இன்னா?"

"எறக்குடி. மூச்சு வாங்குது."

கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராணி ஒரு கையால் தன் கூடையைப் பிடித்தபடி மறு கையை நீட்டினார். நான் இந்தப் பக்கம் பிடித்தேன். கூடை தரைக்கு வந்தது. அஞ்சலையம்மா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி ஊதி மூச்சை விட்டார். தேசிங்கு அவர் காலடியில் குந்திவிட்டார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

ராணி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "கொஞ்சம் கை குடு, மேடம்" என்றார்.

"எதுக்கு?"

"நானும் எறக்கறேன். எனக்கு முட்டி கயண்டு போயி ஒரு வருசமாவுது." அஞ்சலையம்மா பக்கம் திரும்பி, "நீயே எறக்காம போறப்ப நான் எப்டிக்கா எறக்கறது?" என்றார்.

அஞ்சலையம்மாவுக்குப் பேச மூச்சு இல்லை. பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பத்து நிமிடம் கழித்து ஒருவருக்கொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு பேரும் ரோட்டுக்கு நடந்தார்கள். ரோடு போய்ச் சேரும்போது மூன்று பெயர் வந்தது.

அங்கேயே, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் நின்றபடி சீட்டு எழுதினேன். கூடை பாதிக்கு மேல் வேண்டாம். கொட்டகையிலும் ஐஸ் கடையிலும் இறக்கிப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். ஒரு மூச்சுக்கு மூன்று மீன் பெயர் வராவிட்டால், எந்த இடமானாலும் இறக்கிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும், தேசிங்கு வாங்கி வைக்கும் மெஷினில் ஆக்சிஜன். சளி பிடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாதம் ஒரு தடவை என்னிடம் வர வேண்டும்.

தேசிங்கு இரண்டு தடவை படித்தார். "ரெஸ்ட்டுன்னு எழுதவே இல்லையே மேடம்?"

"நல்லாப் பாரு. ரெண்டு எடத்துல எழுதியிருக்கேன்."

மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் ராணியக்கா நம்பர வாங்கிக்கிறேன்" என்று போனார்.

அந்தச் சீட்டின்படி அஞ்சலையம்மா ஐந்து வருடம் வியாபாரம் செய்தார். நடுவில் இரண்டு தடவை சளியோடு வந்து படுத்தார், எழுந்து போனார். பிறகு நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. கூடையை விட்டுவிட்டு, கரையிலேயே உட்கார்ந்து விற்றார். கடைசி வரைக்கும் கடப்பாக்கத்தில்தான் இருந்தார், தானே எழுந்து தானே குளித்தார். மருமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தலை வாரிவிட்டுப் போவாள். அதற்கு மட்டும் உட்கார்ந்து கொடுப்பாராம்.

அன்று காலை நடந்ததில் ஒன்று சொல்லவில்லை. ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது நானும் அவரும் மட்டும் ஓரமாக நின்றோம். அரை வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நாங்கள் யாரும் நோயாளியிடம் சொல்லாத வார்த்தை, சொல்லிவிட்டேன்.

"அம்மா, நீங்க வுழுந்ததுக்கும் நாந்தான் காரணம். அப்புறம் கால் போனதுக்கும் நாந்தான் காரணம். ரெண்டு தடவையும் நான் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது எனுக்குத் தெரியாதா?" என்றார். "தப்பு பண்ணாத டாக்டருங்க எத்தினி பேரப் பாத்துட்டேன். ஒருத்தராச்சும் கடலு வரிக்கும் வந்தாங்களா?"

ஆட்டோ வந்தது. "புடி, எறக்கு" என்றார். இறக்கிக் கொடுத்தேன்.